வலிக்காத நோயும் தவக்குலும்

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஷஅபான் மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை. சங்ககிரியில் ஜும்ஆ தொழுகை முடிந்து, நாம் பள்ளிவாசல் முற்றத்தில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தோம். பெரியவர் ஒருவர் வந்து ஸலாம் சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டார். லாரித் தொழிலிலேயே முடி நரைத்தவர் அவர். சங்ககிரி என்றாலே லாரி என்று பெயராகிவிட்ட ஊர்தானே நம் ஊர்! இளமையில் ஸ்டியரிங் பிடித்துப் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் போய் வந்து, பிறகு சொந்தமாக ஒரு வண்டி வாங்கி, இப்போது எல்லாவற்றையும் மகன்களிடம் ஒப்படைத்துவிட்டு, ஐந்து நேரமும் முதல் வரிசையில் நிற்பவர். அவரை நாம் மாமா என்று அழைப்போம். அவரோ நம்மை வயதில் இளையவன் என்று பாராமல் ஹஜ்ரத் என்றே அழைப்பார்.

“ஹஜ்ரத், ஒரு மஸ்அலா கேக்கணும். ஆறு வருசமா பிரஷர் மாத்திரை தின்னுட்டு வர்றேன். உடம்புல ஒரு வலி இல்லே, ஒரு தொந்தரவு இல்லே. இத விட்டுட்டு அல்லா மேல பாரத்தப் போட்டாத் தப்பா?” என்று கேட்டார்.

நாம் அவசரத்தில் இருந்தோம். ஒரு நிக்காஹுக்குப் போக வேண்டியிருந்தது. நோயைத் தருபவனும் அவனே, ஷிஃபாவைத் தருபவனும் அவனே என்றோம். ஈமான் உறுதியாக இருந்தால் மாத்திரை இருந்தாலென்ன, இல்லாவிட்டாலென்ன என்றோம். தவக்குலின் சிறப்பைப் பற்றி, மதரஸாவில் படித்ததையெல்லாம் மூன்று நிமிடத்தில் சொல்லி முடித்துவிட்டு நடையைக் கட்டினோம். எவ்வளவு அழுத்தம் இருந்தது என்று கேட்கவில்லை. என்ன மாத்திரை என்று கேட்கவில்லை. டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள் மாமா என்றுகூடச் சொல்லவில்லை.

ரமளான் பத்தொன்பதாம் நாள் ஸஹருக்கு எழுந்தவர் பாய் விரிப்பிலேயே சரிந்துவிட்டார். வலக்கையும் வலக்காலும் விழுந்துவிட்டன. வாய் கோணிப் பேச்சுக் குழறிற்று. சேலத்துக்குக் கொண்டுபோனார்கள். எல்லாம் வல்ல இறைவன் உயிரைத் தந்தான். ஷஅபானிலிருந்தே அவர் மாத்திரை சாப்பிடவில்லை என்பதை அவர் மகன் நம்மிடம் சொன்னபோது, அதில் குற்றச்சாட்டு ஏதும் இல்லை. ஹஜ்ரத்தே சொன்ன பிறகு நாங்கள் என்ன செய்ய என்ற தொனிதான் இருந்தது. குற்றம் சாட்டியிருந்தால் நமக்கு லேசாக இருந்திருக்கும்.

ஹதீது கிரந்தங்களில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. அபூதாவூதில் ஜாபிர் (ரலி) அவர்கள் வழியாகப் பதிவாகியுள்ளது. பிரயாணத்தில் ஒருவருக்குத் தலையில் காயம். அந்நிலையில் குளிப்புக் கடமையாகிவிட்டது. தயம்மும் செய்துகொள்ள எனக்கு அனுமதி உண்டா என்று உடனிருந்தவர்களைக் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது அனுமதி இல்லை என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். அவர் குளித்தார், மவுத்தானார். செய்தி அண்ணல் நபி (ஸல்) அவர்களுக்கு எட்டியபோது, அவரைக் கொன்றுவிட்டார்கள் என்றே கோபித்தார்கள். தெரியாவிட்டால் கேட்டிருக்கக் கூடாதா, அறியாமைக்கு மருந்து கேட்பதுதானே என்ற கருத்தையும் அருளினார்கள். இந்த ஹதீதை நாம் மாணவர்களுக்கு எத்தனையோ முறை ஓதிக் கொடுத்திருக்கிறோம். அது நம்மைப் பற்றியது என்று அந்த ரமளான் வரையில் தோன்றியதில்லை.

அதன் பிறகுதான் கிதாபுகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். கேள்வி இதுதான்: வலிக்காத நோய்க்கு, வாழ்நாள் முழுவதும், தினந்தோறும் மருந்து சாப்பிடுவது ஒரு முஸ்லிமின் மீது கடமையா? அல்லது விரும்பினால் செய்யலாம், விட்டால் குற்றமில்லை என்ற வகையா?

மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் ஏவியிருப்பதும், முதுமையைத் தவிர எல்லா நோய்க்கும் அல்லாஹ் மருந்தை இறக்கியிருக்கிறான் என்று சொல்லியிருப்பதும் யாவரும் அறிந்ததே. ஓதிப் பார்ப்பதும் மருந்து உண்பதும் அல்லாஹ்வின் விதியைத் தடுத்துவிடுமா என்று ஒரு ஸஹாபி கேட்டபோது, அவையும் அல்லாஹ்வின் விதியில் உள்ளவைதாம் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் விளக்கினார்கள். ஷாமில் கொள்ளைநோய் பரவியபோது உமர் (ரலி) அவர்கள் படையுடன் வழியிலேயே திரும்பியதும் இதே அடிப்படையில்தான். அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று கேட்கப்பட்டதற்கு, அவனுடைய ஒரு விதியிலிருந்து இன்னொரு விதிக்குத்தான் போகிறோம் என்ற கருத்தில் அவர்கள் மறுமொழி சொன்னார்கள். ஆகவே மருந்து சாப்பிடுவது தவக்குலுக்கு விரோதம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அதை நாம் அன்று சொல்லியிருக்க வேண்டும்.

ஆனால் விரோதம் இல்லை என்பது வேறு, கடமை என்பது வேறு. இங்கேதான் நம் பழைய ஃபுகஹாக்களின் பேச்சு நம்மைத் தடுமாற வைத்தது. ஹனபி மத்ஹபின் பெரும் தொகுப்பாகிய ஃபதாவா ஆலம்கீரி, ஔரங்கசீப் காலத்தில் உலமாக்கள் கூடித் தொகுத்தது. தீங்கை நீக்கும் காரணங்களை அது மூன்றாகப் பிரிக்கிறது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் இஹ்யாவிலும் இதே பிரிவு உண்டு. முதலாவது, உறுதியானது: பசிக்கு ரொட்டி, தாகத்துக்குத் தண்ணீர். இதை விட்டுவிட்டுச் சாவது தவக்குல் ஆகாது, ஹராம். இரண்டாவது, பலன் தரும் என்று எண்ணத்தக்கது: இரத்தம் குத்தி எடுப்பது, பேதிக்குக் கொடுப்பது, மற்ற மருத்துவ முறைகள். இதைச் செய்வது தவக்குலுக்கு முரணல்ல. விட்டுவிட்டால் குற்றமும் அல்ல. மூன்றாவது, வெறும் ஊகம்: சூடு போடுவது போன்றவை. ஆகவே, உணவு இருந்தும் உண்ணாமல் இறந்தவன் பாவி. மருந்து இருந்தும் உண்ணாமல் இறந்தவன் பாவியல்லன் என்று ஹனபி நூல்கள் எழுதிச் சென்றன.

அப்படியானால் பெரியவருக்கு நாம் சொன்னது சரிதானே என்று நம் மனம் ஒரு மூலையில் சந்தோஷப்பட்டதை மறைக்க விரும்பவில்லை. வார்த்தையைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு கிதாபு கிடைத்துவிட்டது அல்லவா! இரண்டு மூன்று நாள் அந்தச் சந்தோஷத்திலேயே இருந்தோம்.

பிறகுதான் உறைத்தது. ஃபுகஹாக்கள் மருந்தை இரண்டாம் வகையில் வைத்தது மருந்து என்ற பெயருக்காக அல்ல. அதன் பலன் உறுதியில்லாமல் இருந்ததற்காக. அவர்கள் காலத்து மருத்துவம் அப்படி. ஏன், மிக அண்மைக்காலம் வரை இரத்தக் கொதிப்பைப் பொறுத்தவரை நிலைமை அப்படியேதான் இருந்தது. 1945 ஏப்ரல் 12 அன்று அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் மூளையில் இரத்தம் கசிந்து மாண்டார். அன்று அவருடைய அழுத்தம் 300-க்கு 190. உலகத்தின் பெரிய வல்லரசின் தலைவருக்கே கொடுக்க ஒரு நல்ல மாத்திரை அப்போது இல்லை. அவர் மருந்தை விட்டார், அதனால் இறந்தார் என்று யார் சொல்ல முடியும்?

இருபத்திரண்டு ஆண்டு கழிந்து 1967-ல் அதே அமெரிக்காவில், முன்னாள் படைவீரர்களிடையே நடந்த ஓர் ஆராய்ச்சியின் முடிவு வெளியாயிற்று. கடுமையான கொதிப்புள்ள 143 பேர். அவர்களில் 73 பேருக்கு மருந்து. 70 பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 27 பேருக்குக் கடும் விபரீதங்கள் நேர்ந்தன. மருந்து சாப்பிட்டவர்களில் இரண்டு பேருக்கு மட்டுமே. எண்ணத்தக்கது என்ற வகையிலிருந்து உறுதியை நோக்கி மருந்து நகர்ந்த நாள் அது. அதன்பின் இலட்சக்கணக்கானவர்களை வைத்து ஆராய்ந்துவிட்டார்கள். மேல் அளவு பத்துப் புள்ளி இறங்கினால் பக்கவாதம் வரும் வாய்ப்பு ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைகிறது.

இதை இங்கிலீஷ் மருந்து என்று ஒதுக்கும் பெரியவர்கள் சிலர் உண்டு. அவர்களுக்காக ஒரு செய்தி. இந்த நோய்க்கு முதன்முதலில் உலகமெங்கும் பரவிய மருந்துகளில் ஒன்று நம் நாட்டுச் சர்ப்பகந்தி வேரிலிருந்து எடுத்தது. அந்த வேரை நவீன இரசாயன முறையில் ஆராயத் தூண்டியவர் டில்லியின் யூனானி மேதை ஹகீம் அஜ்மல்கான். அதிலிருந்து 1931-ல் ஒரு சத்தைப் பிரித்த ஸலீமுஸ்ஸமான் ஸித்தீக்கி, ஹகீம் சாஹிபின் நினைவாக அதற்கு அஜ்மலின் என்றே பெயர் வைத்தார். பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல் இந்த வேரைக் கொதிப்பு நோயாளிகளுக்குக் கொடுத்துக் கண்ட பலனை 1949-ல் இங்கிலாந்துப் பத்திரிகையில் எழுதிய பிறகே மேனாட்டார் விழித்துக்கொண்டார்கள். 1952-ல் அதே வேரிலிருந்து ரெசர்ப்பின் பிரிக்கப்பட்டது. இப்போது அதைவிட நல்ல மாத்திரைகள் வந்துவிட்டபடியால் அது அதிகம் வழங்குவதில்லை. போகட்டும்.

நிலைமை மாறியதை உலமாக்களும் கண்டார்கள். 1992 மே மாதம் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, மருத்துவம் அடிப்படையில் அனுமதிக்கப்பட்டது என்று சொல்லிவிட்டு, விட்டால் உயிருக்கோ உறுப்புக்கோ சேதம் வரும், அல்லது முடமாகிவிடும், அல்லது பிறருக்குத் தொற்றும் என்றால் அது வாஜிபு என்று தீர்மானித்தது. பக்கவாதம் என்பது உறுப்புச் சேதம் அல்லாமல் வேறென்ன?

ஆனாலும் நாம் இங்கே கொஞ்சம் தயங்கத்தான் செய்கிறோம். நூறு பேர் மாத்திரை சாப்பிட்டால் நூறு பேருக்கும் வர இருந்த பக்கவாதம் தடுக்கப்படுவதில்லை. பலருக்கு அது சாப்பிடாமல் இருந்தாலும் வந்திராது. சிலருக்குச் சாப்பிட்டும் வரும். இடையில் உள்ள சிலர்தாம் காப்பாற்றப்படுகிறார்கள். அவர்கள் யார் என்பது அவர்களுக்கே தெரியாது! ரொட்டி தின்றவனுக்குப் பசி தீர்ந்தது தெரியும். தண்ணீர் குடித்தவனுக்குத் தாகம் தணிந்தது தெரியும். பிரஷர் மாத்திரை தின்றவனோ தனக்கு வராமல் போன நோயை ஒருநாளும் கண்ணால் காண மாட்டான். இந்த ஒரு காரணத்தாலேயே இது ரொட்டியைப் போன்றது என்று அப்படியே சொல்லிவிட மனம் வரவில்லை.

நம் முடிவு இது. மூத்தவர்கள் திருத்தினால் ஏற்றுக்கொள்வோம். அழுத்தம் கடுமையாக உள்ளவருக்கும், ஏற்கெனவே இதயமோ மூளையோ சிறுநீரகமோ பாதிக்கப்பட்டவருக்கும், நம்பத்தக்க டாக்டர் நிறுத்தினால் ஆபத்து என்று சொன்னவருக்கும் மருந்து வாஜிபின் வரம்புக்குள் வந்துவிடுகிறது. லேசாக உள்ளவருக்கு அவ்வளவு அழுத்திச் சொல்லமாட்டோம். ஆயினும் அவரும் தாமாக நிறுத்துவது, அமானத்தாகக் கிடைத்த உடம்பை அலட்சியம் செய்வதாகவே நமக்குத் தோன்றுகிறது. உடம்புக்கும் நம் மீது ஹக்கு உண்டு என்று, இரவெல்லாம் தொழுது பகலெல்லாம் நோன்பு வைத்த ஓர் இளம் ஸஹாபியிடமே நாயகம் (ஸல்) அவர்கள் எடுத்துச் சொன்னார்கள். வணக்கத்துக்காகக்கூட அந்த ஹக்கைப் பறிக்கக் கூடாதென்றால், சோம்பலுக்காகப் பறிக்கலாமா?

காணாத ஒன்றை நம்பித் தினமும் ஒரு காரியம் செய்வது நமக்குப் புதிதல்ல என்பதையும் இந்த இடத்தில் நினைத்துப் பார்க்க வேண்டும். ஐந்து நேரமும் நாம் செய்வது என்ன? அமல்களில் அல்லாஹ்வுக்கு மிகப் பிரியமானது, குறைவானாலும் தொடர்ந்து செய்வது என்று ஆயிஷா நாயகி (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீது உண்டு. சுபுஹுக்குப் பின் தஸ்பீஹ் ஓதுகிறவர் அதை இன்று வலிக்கவில்லையே என்று விடுவதில்லை. அந்தத் தஸ்பீஹோடு மாத்திரையைச் சேர்த்து வைத்துக்கொண்ட ஒரு நன்னியை நமக்குத் தெரியும். எண்பதை நெருங்குகிறார். மணிமாலையும் மாத்திரை டப்பாவும் ஒரே சுருக்குப் பையில். ஒன்றை எடுத்தால் மற்றது கைக்கு வரும்.

எல்லோருக்கும் அப்படி வாய்ப்பதில்லை. 2020-ல் தமிழ்நாட்டில் எடுத்த ஒரு கணக்கின்படி, வயது வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு இரத்தக் கொதிப்பு. அவர்களில் அழுத்தம் கட்டுக்குள் இருந்தவர்கள் நூற்றுக்கு ஏழு பேர்தாம். இது எல்லாச் சமுதாயத்துக்குமான கணக்கு. நம் வீடுகள் மட்டும் விலக்காக இருக்கும் என்று எண்ண நமக்கு ஒரு முகாந்திரமும் தெரியவில்லை. ஊறுகாயும் கருவாடும் அப்பளமும் நோன்புக் கஞ்சியோடு வடையும் சமோசாவுமாக, உப்பை நாம் குறைவாகத் தின்கிறோம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்குக் கீழே என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஒரு தேக்கரண்டி அளவுதான்.

மாத்திரையை விடுவதற்கு வீடுகளில் சொல்லப்படும் காரணங்களை இந்த மூன்று வருடமாகக் கேட்டு வருகிறோம். கிட்னி போய்விடும் என்பது ஒன்று. உண்மையில் கிட்னியைக் கெடுப்பது கட்டுக்கடங்காத கொதிப்பு. பழக்கமாகிவிடும் என்பது ஒன்று. சோறும்தான் பழக்கமாகிவிட்டது. கால் வீங்குகிறது, வறட்டு இருமல் வருகிறது என்பவை நியாயமான குறைகள். சில மாத்திரைகளுக்கு அந்தக் குணம் உண்டு. டாக்டரிடம் சொன்னால் மாற்றித் தருவார். சொல்லாமல் நிறுத்திவிட்டு, அடுத்த முறை கேட்டால் சாப்பிடுகிறேன் என்று பொய் சொல்லிவிடுகிறார்கள். புருஷனும் பெண்சாதியும் ஒருவர் மாத்திரையைப் பாதியாக உடைத்து இருவரும் சாப்பிடும் வீட்டையும் பார்த்தோம். அவர்களை என்னவென்று கடிந்துகொள்வது?

ரமளான் பெரிய காரணம். நோயாளிக்கு நோன்பை விட்டுப் பின்னர் களாச் செய்யச் சலுகை தந்தவன் அல்லாஹ். அது அல்பகரா அத்தியாயத்தில் நோன்பைக் கடமையாக்கிய இடத்திலேயே இருக்கிறது. ஆனால் கொதிப்புக்காரர்களில் பலருக்கு அந்தச் சலுகையே தேவைப்படாது. அம்லோடிப்பின் போன்ற மாத்திரை ஒருமுறை சாப்பிட்டால் ஒரு நாளுக்கு மேல் இரத்தத்தில் நிற்கும். ஸஹரிலோ நோன்பு திறந்த பிறகோ ஒருவேளை சாப்பிட்டால் போதும். இரண்டு மூன்று வேளை சாப்பிடுகிறவர்களும், சிறுநீர் பிரிக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் ஷஅபானிலேயே டாக்டரிடம் போய் நேரத்தை மாற்றி எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். அடினோலால், குளோனிடின் போன்ற சிலவற்றைத் திடீரென நிறுத்துவது, சாப்பிடாமலே இருந்ததைவிட ஆபத்து. பிரஷர் பார்த்தால் நோன்பு முறியாது. பரிசோதனைக்காக ஊசியில் இரத்தம் எடுத்தாலும் முறியாது. நோன்பு முறிந்துவிடும் என்று பயந்து முப்பது நாளும் ஆஸ்பத்திரிப் பக்கமே போகாதவர்கள் இருக்கிறார்கள். இதை ஒரு ஜும்ஆ பயானில் ஐந்து நிமிடம் சொன்னால் தீர்ந்தது. நாம் ஆண்டுதோறும் சதக்கத்துல் பித்ரின் அளவைச் சொல்கிறோமே, அதோடு சேர்த்துச் சொல்லலாம்.

இன்னொரு காரணம் உண்டு. அதைச் சொல்வது சங்கடம். மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. மகளிர் குழுக்களைச் சேர்ந்த பெண்கள் வீடு வீடாக வந்து பிரஷர் பார்ப்பது, சர்க்கரை பார்ப்பது, மாத்திரையைக் கையில் கொடுப்பது என்பது ஏற்பாடு. கோஷாவில் இருக்கும் நம் பெண்களுக்கு இதைவிடத் தோதான ஒன்று ஏது? வருவதும் பெண், ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க வேண்டியதில்லை. ஆயினும் நம் தெருவிலே சில கதவுகள் அந்தப் பெண்களுக்குத் திறக்கவில்லை. வீட்டு ஆண்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். காரணம், நோட்டுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு பெயர் என்ன, ஆதார் உண்டா என்று கேட்டதுதான்.

அந்தப் பயத்தை நாம் பரிகசிக்க மாட்டோம். 2019 டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டம் வந்தபோது, கதவைத் தட்டிப் பெயர் எழுதுகிற எவரைக் கண்டாலும் நாடெங்கும் முஸ்லிம் வீடுகள் நடுங்கின. அடுத்த சில மாதங்களில் கொரோனா பரவியபோது, நோயைப் பரப்பியவர்கள் என்று ஒரு சமுதாயத்தையே சுட்டிப் பேசினார்கள். அந்த வடு இருக்கத்தான் செய்யும். ஆனால் அந்த அச்சத்தின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். கதவைச் சாத்தியவர் லாரியேறிப் போய்விடுகிறார். மாத்திரை இல்லாமல் வீட்டுக்குள் இருப்பது அவர் தாயார்.

வேற்று மனிதர் சொன்னால் திறக்காத கதவு, நம்பிக்கையானவர் சொன்னால் திறக்கும். இதற்கு ஓர் உதாரணம் அமெரிக்காவிலிருந்து. அங்கே கறுப்பின மக்களுக்கு ஆஸ்பத்திரிகளின் மீது நெடுங்கால அவநம்பிக்கை உண்டு. அதற்கு வேண்டிய அநியாயங்களும் நடந்திருக்கின்றன. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 52 சலூன்களைத் தேர்ந்தெடுத்தார்கள். கொதிப்புள்ள 319 கறுப்பின ஆடவர்கள் இதில் சேர்ந்தார்கள். சில சலூன்களில் முடி வெட்டுகிறவரே பேச்சுவாக்கில் ஊக்கப்படுத்த, மருந்தாளர் அங்கேயே வந்து அழுத்தம் பார்த்து, மருந்தும் எழுதிக் கொடுத்தார். மற்றவற்றில் டாக்டரைப் போய்ப் பாருங்கள் என்ற யோசனை மட்டும். ஆறு மாதத்தில் முதல் வகையாருக்கு மேல் அளவு சராசரி 27 புள்ளி இறங்கிற்று. மற்றவர்களுக்கு ஒன்பது புள்ளிதான். 2018-ல் வெளியான முடிவு இது. அந்த மக்களுக்குச் சலூன் எப்படியோ, நமக்குப் பள்ளிவாசல் முற்றம் அப்படி என்று படித்தபோது தோன்றிற்று. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த நாவிதர்கள் மருத்துவம் பேசவில்லை. ஊக்கப்படுத்திவிட்டு, அறிந்தவரிடம் ஒப்படைத்தார்கள். நாமோ ஒப்படைக்காமல் தீர்ப்புச் சொல்லிவிட்டோம்.

இப்போது மஹல்லாவில் ஏதோ சிறிது நடக்கிறது. பெரிதாகச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. தன்னார்வப் பெண் வருகிற நாளை முன்கூட்டிக் கேட்டு, மதரஸாப் பிள்ளைகள் மூலம் வீடுகளுக்குச் சொல்லி அனுப்புகிறோம். நமக்குத் தெரிந்த ஒரு முஅல்லிமா அவருடன் கூடப் போகிறார். கதவுகள் திறக்கின்றன, எல்லாம் அல்ல. லாரிக்காரத் தம்பிகளிடம், ஒரு மாத மாத்திரையில் பாதியை வீட்டிலும் பாதியை வண்டியில் முஸல்லாவோடு சுருட்டியும் வைக்கச் சொன்னோம். பத்துப் பதினைந்து நாள் வெளியூரில் இருப்பவருக்கு வீட்டு அலமாரியில் உள்ள மாத்திரை எதற்கு? மலைமேலுள்ள தர்காவுக்குப் போய் ஓதிய தண்ணீர் வாங்கி வருகிற தாய்மார்களிடம் அதைக் குடிக்காதே என்று நாம் சொல்வதில்லை. பிஸ்மி சொல்லி அந்தத் தண்ணீரிலேயே மாத்திரையை விழுங்கு என்கிறோம். இதற்காக நம் நண்பர் ஒருவர் நம்மிடம் ஒரு மாதம் பேசவில்லை.

சென்ற ரமளானில் பெரியவரைப் பார்க்கப் போனோம். அதற்கு முன்பும் பலமுறை போயிருக்கிறோம். மன்னிப்புக் கேட்கத்தான் வாய் வரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து தொழுகிறார். பேச்சு ஓரளவு திரும்பிவிட்டது. மாத்திரையை இப்போது மருமகள் எடுத்துக் கொடுக்கிறார். அன்று நாம் சொன்னது தவறு மாமா, எங்களை மன்னித்துக்கொள்ளுங்கள் என்றோம். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: “நீங்க சொல்லி நான் விடலே ஹஜ்ரத். விட்டுடணும்னு ஆறு மாசமா மனசுல இருந்துச்சு. யாராச்சும் சரின்னு சொல்ல மாட்டாங்களான்னு பாத்துக்கிட்டிருந்தேன். உங்ககிட்ட கேட்டேன்.”

வீடு திரும்பும் வழியெல்லாம் இந்த வார்த்தையே ஓடிற்று. நம் மீதிருந்த சுமையை இறக்கி வைக்கத்தான் அவர் அப்படிச் சொன்னார் என்பது புரிகிறது. இறங்கிற்றா என்பதுதான் தெரியவில்லை. தலைக்காயம் பட்ட அந்த மனிதர் குளிக்க விரும்பாமல் கேட்டார்; வற்புறுத்தப்பட்டார். இவரோ விட விரும்பிக் கேட்டார், அனுமதிக்கப்பட்டார். கேட்பவரின் மனம் ஏற்கெனவே ஒரு பக்கம் சாய்ந்திருக்கும்போது, ஆராயாமல் அதற்கு இசைவாகப் பதில் சொன்னவரின் பொறுப்பு குறைகிறதா, கூடுகிறதா? ஃபத்வா கேட்பவர்க்கும் சொல்பவர்க்கும் உரிய ஒழுக்கங்களைப் பற்றிய கிதாபுகளில் தேடிக்கொண்டிருக்கிறோம். இதைப் பற்றித் தெளிவு உள்ள மூத்த உலமாக்கள் இதே பக்கங்களில் எழுதினால் நன்றியுடன் படிப்போம்.